நீரைப் பார்த்தவர்களும் கல்லை அறுத்தவர்களும்

பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரிகள் இரண்டு. சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் வந்தது. ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி அதற்கு அடுத்த வருஷம், 1965-ல். அறுபது வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமலேயே காலம் தள்ளும் இவ்விரு நிறுவனங்களிலும் தினம் காலையில் ஒரே காரியம் நடக்கிறது. வந்தவர் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து 'ஒண்ணுக்குப் பிடிச்சுக் கொண்டாங்க' என்கிறார்கள். ஓரிடத்தில் அந்த நீரின்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடப்படுகிறது. இன்னோரிடத்தில் அது மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போகிறது. இரண்டு இடத்திலும் அது வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் யார், தொடுபவர் யார், வாசிப்பில் விட்டுப்போவது எது என்பதே என் கேள்வி.

மருத்துவ வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறுகள். முதல் ஆபரேஷன், முதல் மெஷின், திறப்புவிழாக் கல்வெட்டு. யூராலஜி என்கிற சிறப்புத் துறைக்கும் அப்படியொரு பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் நான் மருத்துவம் படித்தவன் இல்லை, தமிழ் எம்.ஏ. எங்கள் பாடத்திட்டத்தில் சித்தர் என்றால் சிவவாக்கியர், பாம்பாட்டியார், குதம்பையார். தேரையர் கிடையாது. அது இலக்கியம் இல்லையாம், வைத்தியமாம். வைத்தியக் கல்லூரியில் கேட்டால் அது பழைய பாட்டு, செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். இப்படி இரண்டு துறைகளுக்கும் நடுவில் விழுந்து கிடக்கும் பிரதிகளில் ஒன்றிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்க முடியும்.

அதற்கு முன்னால் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் வடசொல் மரியாதையாகவும் தமிழ்ச்சொல் கொச்சையாகவும் ஆக்கப்பட்ட இடங்கள் நிறைய. சாதம், சோறு மாதிரி. இந்த விஷயத்தில் மட்டும் தலைகீழ். 'மூத்திரம்' என்ற வடசொல் தெருவுக்கு இறங்கிவிட்டது. 'சிறுநீர்' பாடப்புத்தகத்திலும் ஆசுபத்திரிப் பலகையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'மோளுதல்' என்ற வினை எங்கள் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் மட்டும். 'குண்டிக்காய்' என்ற பழைய சொல் கறிக்கடையோடு நின்றுவிட்டது. ஆட்டுக்குத்தான் குண்டிக்காய், மனுஷனுக்குக் கிட்னி. யூராலஜி, நெஃப்ராலஜி என்று டாக்டர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்னது கத்தி எடுக்கிற துறை: கல், ப்ராஸ்டேட், குழாய் அடைப்பு, பையில் புற்று. பின்னது கத்தி எடுக்காத துறை: சிறுநீரகம் தன் வேலையைக் கைவிடுவதும் டயாலிசிஸும் அங்கே. ஜனங்களுக்கு இருவருமே 'கிட்னி டாக்டர்'. இந்த வேற்றுமை சாதாரணமானதில்லை, பின்னால் வருகிறேன்.

உடம்பின் கீழ்ப்பாதிக்கு நம் மொழியில் நேரான சொல் கிடையாது என்பது நோயோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சங்கதி. ஆசுபத்திரி ஒன்றில் முப்பது வருஷம் வார்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னார்: 'அண்ணாச்சி, வாயத் தொறந்து சொல்லக் கூச்சப்பட்டே பாதிப் பேரு முத்த விட்டுட்டு வாராவ. கேட்டா சூடுங்காவ, கடுப்புங்காவ. ரத்தமா போவுதுன்னு சொல்லதுக்கு ஒரு மாசம் ஆவுது.' என் ஆச்சியும் அப்படித்தான். 'சூடு பிடிச்சிருக்கு' என்ற ஒரே தொடருக்குள் கல், சீழ், வீக்கம், வெறும் தாகம் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவாள். கால் பெருவிரலில் விளக்கெண்ணெய், நீராகாரம், வாழைத்தண்டு. பல தடவை கேட்கவும் செய்தது.

*

தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூலுக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வழிகள்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு வாசிப்பு முறையையே தேரையர் மரபு உருவாக்கியிருக்கிறது. முந்தின நாள் அறுசுவையும் முரண்படாமல் அளவோடு உண்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவரின் விடியற்கால நீரைக் கண்ணாடிக் கலசத்தில் பிடிக்க வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நீர்க்குறி என்பது நீரையே பார்ப்பது: நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்று ஐந்து. எஞ்சல் என்றால் நீர் குறைந்துபோதல். நெய்க்குறி என்பது அதன்மேல் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கலக்காமல், வெயில் வெளிச்சத்தில் அது போகிற போக்கைப் பார்ப்பது. பாம்புபோல ஓடினால் வாதம், மோதிரம்போல வளைந்தால் பித்தம், முத்தாகத் திரண்டு நின்றால் கபம். எண்ணெய் மெல்லப் பரவினால் பிழைப்பான். நீரோடு கலந்து அமிழ்ந்துவிட்டால் வைத்தியன் கை கழுவிக்கொள்ளலாம்.

'குறி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடையாளம் என்று ஒரு பொருள். குறி சொல்லுதல் என்னும்போது வருவதுரைத்தல். கூடவே பிறப்புறுப்பு என்றும் ஒரு பொருள். குறியியல் என்று சசூரிலிருந்து நாம் இறக்குமதி செய்த சங்கதிக்கு இங்கே உடம்பின் நீரிலேயே ஒரு மரபு இருந்திருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள வசதியாக இருக்கிறது. எனக்கு அந்தப் பெருமையில் நாட்டமில்லை. நெய்க்குறி ஒரு வாசிப்பு என்பது உண்மை. எல்லா வாசிப்பையும் போல அதற்கும் ஒரு வரலாறும் ஒரு வியாபாரமும் உண்டு.

தோரணமலை கடையத்துக்குப் பக்கத்தில், பொதிகைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிந்ததிலிருந்து அது அந்தப் பக்கம். அகத்தியரும் தேரையரும் அங்கேதான் இருந்தார்கள், ஒருவன் மண்டைக்குள் புகுந்த தேரையைத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டிக் குதிக்கவைத்து எடுத்தது அங்கேதான் என்று ஐதீகம். தாமிரபரணி பிறக்கும் மலை, தமிழ் பிறந்த மலை, வைத்தியம் பிறந்த மலை. இந்த 'பிறந்த' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம்மவர்கள் கட்டிய கோட்டைகள் அதிகம். ஆனால் நூல் கண்ணாடிக் கலசம் கேட்கிறது. சரகத்திலும் சுசுருதத்திலும் நீரைப் பார்த்து நோய் காணும் தனி முறை ஒன்று இல்லை. வடமொழியில் எண்ணெய்த் துளிச் சோதனை விரிவாக வருவது யோகரத்னாகரம் போன்ற பிந்திய நூல்களில். மறுபக்கம், அரபு மருத்துவத்தில் நீரைக் குப்பியில் பிடித்து நிறம், மணம், நுரை, அடிமண்டி என்று வரிசையாகப் பார்க்கும் கலை இப்னு சீனாவின் காலத்திலேயே, அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, முற்றிவிட்டது. ஐரோப்பிய மத்தியகால வைத்தியனின் சின்னமே கையில் பிடித்த மூத்திரக் குப்பிதான்.

தாமிரபரணி மலையில் பிறக்கிறது சரி, எங்கே போய்ச் சேருகிறது? புன்னைக்காயலில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் அந்த முகத்துவாரத்தில்தான் இருந்தது. அரபிக் குதிரைகள் வந்த துறை. குதிரை வந்த இடத்தில் குப்பியும் ஹக்கீமும் வந்திருக்கமாட்டார்களா? இது ஊகம்தான். ஆனால் மலையிலிருந்து மட்டுமே வரலாறு எழுதுகிறவர்கள் கடலைப் பார்க்க மறுப்பதைவிட இந்த ஊகம் நேர்மையானது. நெய்க்குறி தமிழனின் தனிச்சொத்து என்பதைவிட, தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நின்று கைமாறிய ஒரு அறிவு என்று சொல்வதுதான் அதற்கு மரியாதை.

ஒன்று மட்டும் நிச்சயம். நீரைப் பார்த்தவன் கல்லைத் தொடவில்லை. கல்லடைப்பு என்று தெரிந்த பிறகு நெருஞ்சில், சிறுபீளை, மாவிலங்கப் பட்டை, நண்டுக்கல் பற்பம் என்று கொடுப்பான். சிறு கல் என்றால் இறங்கும். பெரிய கல் என்றால் நோயாளி அலறியே செத்துப்போவான்.

*

கண்ணுக்கும் கைக்கும் இடையே விழுந்த இந்தப் பிளவு நம் ஊரோடு நிற்பதில்லை. மருத்துவர்கள் இன்றும் பெருமையோடு பேசும் ஹிப்போக்கிரட்டஸ் சபதத்தில் ஒரு வாசகம் உண்டு: கல்லுக்காக உடம்பை அறுக்கமாட்டேன், அதை அந்தத் தொழில் செய்கிறவர்களிடம் விட்டுவிடுவேன் என்று. படித்த வைத்தியன் கத்தி எடுப்பது அவனுக்குக் கேவலம், ஆள் செத்துப்போனால் அவப்பெயர் வேறு. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கல்லறுத்தவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய கத்திக்காரர்களும் நாவிதர்களும். சுசுருதத்தில் கல்லறுக்கும் முறை விரிவாகவே இருக்கிறது, பிரமிக்கத்தக்க நுணுக்கத்தோடு. ஆனால் அறுப்பதற்கு முன் அரசனிடம் அனுமதி கேட்கச் சொல்கிறது. விளைவு நிச்சயமில்லை என்பதால். இந்தியாவில் அந்தக் கலை நூலில் தங்கி, கையிலிருந்து நழுவியது எப்படி என்பதற்கு விடை வைத்திய நூல்களில் இல்லை, தர்மசாத்திரத்தில் இருக்கிறது. வைத்தியன் வீட்டுச் சோற்றை உண்ணத்தகாதவற்றின் வரிசையில் வைத்தார் மனு. ரத்தமும் சீழும் தொடுகிறவன் தீட்டுக்காரன்.

தமிழ்நாட்டில் அந்தக் கை நாவிதர்களுடையது. கட்டி கீறியது, எலும்பு கட்டியது, பேறுகாலம் பார்த்தது அவர்கள் குடும்பங்களே. சாதிப் பட்டியலில் இன்றும் அவர்களுக்கு 'மருத்துவர்' என்ற பெயர் இருக்கிறது. ஊர் அந்தப் பெயரால் அவர்களைக் கூப்பிட்டதில்லை என்பது வேறு கதை. சுவடி வைத்திருந்தவர் பண்டிதர், கத்தி வைத்திருந்தவர் அம்பட்டர். ஒரே மருத்துவத்தின் இரண்டு பாதிகள் இரண்டு தெருவில் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் என்பதை அவருடைய அரசியலிலிருந்து பிரித்துவிட்டுப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவரது எழுத்துகள் 1999-ல் தொகுப்பாக வெளிவந்ததும் இதே பாளையங்கோட்டையிலிருந்துதான், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தின் வழியாக. யார் தொடலாம், யார் பார்க்கலாம் என்ற கேள்வியை ஒரு வைத்தியரே எழுப்பியது தற்செயலானதில்லை என்று கருதுகிறேன்.

பிளவு ஐரோப்பாவில் கூடிய இடம் பாரிஸ், நெக்கேர் மருத்துவமனை. 1824-ல் ழான் சிவியால் அங்கே வயிற்றைக் கிழிக்காமல் நீர்த்தாரை வழியாகவே ஒரு கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே அரைத்துக் காட்டினார். இரண்டு முறையிலும் பிழைத்தவர், செத்தவர் கணக்கைத் திரட்டினார். அறுத்த முறையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் சாவு. அவருடைய முறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று. 1835-ல் இதைப் பரிசீலித்த அறிவியல் கழகத்தின் குழு அந்தப் புள்ளிவிவரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தது. எண்ணிக்கை என்பது தனி மனிதனை மறந்தால்தான் சாத்தியம், மருத்துவம் ஒவ்வொரு மனிதனையும் தனியாக அல்லவா பார்க்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். அந்த வாதம் தோற்றது. தோற்றதால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆனால் வாதம் செத்துவிடவில்லை. 1877-ல் நிட்சே, விளக்கு வைத்த குழல் ஒன்றை நீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். 1890-ல் அதே நெக்கேரில் ஃபெலிக்ஸ் கியோனுக்கு இத்துறையின் முதல் பேராசிரியர் பதவி. வெளியே வந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்த கண், நீர் வரும் வழியாகவே உள்ளே போய்விட்டது. கையும் கூடவே போயிற்று. கண்ணும் கையும் ஒரே ஆளிடம் சேர்ந்த இடத்தில் யூராலஜிஸ்ட் பிறக்கிறான்.

மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி ஃபூக்கோ 1963-ல் எழுதிய நூலை வைத்துக்கொண்டு, நவீன மருத்துவம் என்றாலே அதிகாரத்தின் பார்வை, உடலின் மீதான வன்முறை என்று அடித்துப் பேசுவது நம் சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பாரிஸுக்கு அது பொருந்தலாம். பார்த்தவனும் தொட்டவனும் வேறு வேறு சாதி என்றிருந்த ஓரிடத்தில், பார்க்கிறவனே தொடவும் வேண்டும் என்ற ஏற்பாடு என்ன செய்தது என்று ஃபூக்கோவிடம் கேட்க முடியாது. 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தது ஏன் ஒரு பெருநிகழ்ச்சி ஆனது? அவர் வைத்தியக் குலம். அறுத்தது கை.

*

காலனியத்தின் கணக்கு வேறுவிதமாகப் போயிற்று. 1918-ல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சியாகத் தொடங்கியது, பின்னால் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. மெக்காரிசன் கல் நோயில் ஆர்வம் கொண்டவர். பாலும் வைட்டமின் ஏயும் இல்லாத தீனி கொடுத்த எலிகளின் நீர்ப்பையில் கல் விளைவதையும், பால் சேர்த்தால் அது தடைபடுவதையும் காட்டினார். இந்தியாவில் கல் ஏன் உண்டாகிறது என்று 1931-ல் அவர் எழுதிய கட்டுரை பேர்பெற்றது. குழந்தைகளின் நீர்ப்பைக் கல் ஏழ்மையின் நோய் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. தானியத்தை மட்டும் தின்று வளர்ந்த இடங்களில் அது இருந்தது, சாப்பாடு தேறியதும் மறைந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலும் அப்படித்தான்.

ஆனால் இதே மெக்காரிசன் எலிகளைச் சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, மதராசி சாப்பாடு என்று பிரித்து வளர்த்தார். சீக்கிய எலி முதலிடம், மதராசி எலி கடைசி. தீட்டிய அரிசி, சொற்பப் பருப்பு. முடிவில் தப்பில்லை. தீட்டிய அரிசியும் சொற்பப் பருப்பும் ஒரு இனத்தின் வழக்கமா, ஒரு கூலியின் அளவா என்ற கேள்வி மட்டும் எலிக்கூண்டுக்குள் வரவில்லை. அம்பாசமுத்திரத்து வயலில் விளைந்த நெல் யார் களத்துக்குப் போயிற்று என்பது ஆய்வகத்தின் விஷயமில்லை.

சுதந்திரத்துக்குப் பின் நம் மாநிலத்தில் இத்துறை ஊன்றிய இடங்களில் முக்கியமானது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே யூராலஜியை நிறுவியவர் டாக்டர் எச். எஸ். பட். 1971-ல் இந்தியாவில் உயிரோடிருப்பவரிடமிருந்து எடுத்து வெற்றிகரமாகப் பொருத்திய முதல் சிறுநீரக மாற்று, அறுவை மருத்துவர் மோகன் ராவும் நெஃப்ராலஜிஸ்ட் ஜானியும் சேர்ந்து அங்கே செய்ததுதான். 1980-ல் மியூனிக்கில் உடம்பைத் தொடாமலே அதிர்வலையால் கல்லை உடைத்தார்கள். விமானக் கம்பெனி ஒன்று, பறக்கும்போது மழைத்துளி மோதி உலோகம் தேய்வதை ஆராயப்போய்க் கண்ட விஷயம் அது. கொஞ்ச வருஷத்திலேயே அந்த மெஷின் நம் பெருநகரங்களுக்கும் வந்து, 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று சுவரெழுத்தானது.

மாற்று அறுவையின் மறுபக்கம் வில்லிவாக்கம். எண்பதுகளில் சென்னையின் அந்தப் பகுதிக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்தது. பணம் கைமாறுவதைத் தடைசெய்த சட்டம் 1994-ல் வந்தது. சட்டத்துக்குப் பிறகு, 2001-ல், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைப் பேட்டிகண்ட ஒரு ஆய்வு அடுத்த வருஷம் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனுக்காக விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் நாலில் மூன்று பேருக்கு இன்னும் கடன் தீரவில்லை. மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் அங்கே கவனித்தது இதைவிடக் கூர்மையானது: கிட்னி விற்ற பெண்கள் ஏற்கெனவே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தன் உடம்பை அறுக்கக் கொடுப்பது என்ற அனுபவத்தை அரசாங்கமே அவர்களுக்கு முதலில் பழக்கிவிட்டிருந்தது. 2008-க்குப் பின் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம் ஆனது உண்மை, பாராட்ட வேண்டியது. 2025-லும் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கப்பட்டதாக அரசே விசாரணை நடத்த வேண்டியிருந்ததும் உண்மை.

உறுப்பைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாமல் மாற்று அறுவை இல்லை. உறுப்பைத் தனியாகப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாமல் விற்பனையும் இல்லை. குற்றம் கண்ணுடையதில்லை, கடனுடையது. ஆனால் டாக்டரின் படிவத்தில் கடன் என்று ஒரு கட்டம் இல்லை.

*

நம் ஊருக்குத் திரும்புவோம். ஒரு யூராலஜிஸ்ட் உருவாக எம்.பி.பி.எஸ்., பொது அறுவையில் எம்.எஸ்., அதன்மேல் எம்.சிஎச். என்று பன்னிரண்டு வருஷம் போகும். அப்படி ஆனவர் ஏன் ஹைகிரவுண்டுக்கு வர வேண்டும்? வருகிறார் என்றால் அதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிகளில் சாதிவாரி ஒதுக்கீட்டுக்கு நூறாண்டு நெருங்கும் வரலாறு உண்டு. உயர்சிறப்புப் படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கென 2020-ல் தமிழ்நாடு ஒதுக்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் போய், 2022 மார்ச்சில்தான் அதை நடைமுறைப்படுத்த வழி பிறந்தது. 'தகுதி' என்று எதிர்த்தரப்பில் எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். யார் வீட்டுப் பிள்ளை கத்தி எடுக்கலாம் என்ற பழைய கேள்விதான் புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்தது. வயலில் நின்றவர், பனையேறினவர், சவரக் கத்தி பிடித்தவர் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தலைமுறையில் அந்தக் குழலைக் கையில் எடுத்து உள்ளே பார்க்கிறார்கள். இதை 'மருத்துவ அதிகாரம்' என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட என்னால் முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பிளவு மறையவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. புட்டியை வாங்கி அடுக்குபவர், கதீட்டர் பையைக் காலி செய்பவர், வார்டுக் கக்கூஸைக் கழுவுபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோர் இப்போது ஒப்பந்தக் கூலி.

சித்தக் கல்லூரியின் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். அதில் நீர்க்குறி, நெய்க்குறி என்று கட்டங்கள். அதற்கடுத்த பக்கத்தில் ஆல்புமின், சர்க்கரை, அடிமண்டி. ஒரே மனுஷியின் ஒரே நாள் நீர், இரண்டு மொழியில் வாசிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வாசிப்பும் ஒன்றோடொன்று பேசுவதேயில்லை. நெய்க்குறி பாம்பாக ஓடியது என்ற குறிப்புக்கும் ஆல்புமின் கூடுதல் என்ற குறிப்புக்கும் உறவு உண்டா இல்லையா? உண்டு என்றால் அறிவியல், இல்லை என்றால் அதுவும் அறிவியல்தான். கேட்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிரப்பிவைப்பது சடங்கு. ஹைகிரவுண்டிலோ அந்த முதல் கட்டமே கிடையாது. நெய்க்குறியைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. சோதிக்கப்படாமலேயே போற்றப்படுவதும், சோதிக்கப்படாமலேயே கழிக்கப்படுவதும் ஒரே ஊரில் அறுபது வருஷமாக நடப்பதைச் சொல்கிறேன். மொரார்ஜி தேசாய் தன் நீரைத் தானே குடிப்பதாகச் சொன்னபோது உலகமே சிரித்தது. நாம் சிரித்ததோடு சரி, ஆராயவேண்டியதை ஆராயவில்லை.

இனி, முன்பு விட்ட இடம்: யூராலஜி, நெஃப்ராலஜி வேற்றுமை. கல் வந்தால் முன்னவரிடம், சிறுநீரகம் சுருங்கினால் பின்னவரிடம். இரண்டுக்கும் முந்தி நடப்பது எந்தத் துறையின் விஷயம்? மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், தொண்ணூறுகளிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் வயல்களிலும், ஆந்திராவின் உத்தானத்திலும், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாமலே உழைப்பாளிகளின் சிறுநீரகம் செத்துப்போகிறது. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வெயில், தாகம், பூச்சிமருந்து, தண்ணீர் என்று சந்தேகங்கள் இருக்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரி நெஃப்ராலஜி துறையினர் முன்னின்று 2023-ல் தமிழ்நாடு முழுவதும் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்குமேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அதில் ஏறக்குறையப் பாதிக்குத் தெரிந்த காரணம் எதுவும் இல்லை. ஆய்வு 2025-ல் வெளிவந்தது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் அதற்கும் முன்பே தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்டோரை அளந்திருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெக்கையில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இவர்கள் எல்லாரும் டாக்டர்கள்தான், ஆராய்ச்சியாளர்கள்தான். உறுப்பிலிருந்து தலையைத் தூக்கி உப்பளத்தைப் பார்த்தவர்கள். துறை என்பது சுவர் என்றால், சுவர்மேல் ஏறியவர்கள்.

தாமிரபரணியின் கடைசித் தண்ணீர் போய் முடியும் கரை நெடுக உப்பளம். ஆறுமுகநேரி, முள்ளக்காடு, முத்தையாபுரம். வேலைக்காரர்களில் பெண்கள் ஏராளம். இருட்டோடு போய் வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பார்கள், முடியாது. பாத்தி நெடுகக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை, மறைவு இல்லை. டவுனில் பெரிய துணிக்கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கச் சொல்லி 2021-ல் சட்டமே போட வேண்டியிருந்த மாநிலம் இது. நாற்காலிக்குச் சட்டம், கக்கூஸுக்கு எது என்று எந்தக் கடைப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அடக்கி அடக்கிக் கடுப்பு, கடுப்புக்கு மாத்திரை, மறுபடி அடக்கல். வெளிநோயாளிச் சீட்டில் அது 'திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று' என்று ஏறுகிறது.

நீர்க்குறியின் ஐந்தில் ஒன்று எஞ்சல் என்று சொன்னேன். நீர் குறைந்திருக்கிறதா என்று தேரையர் மரபு கேட்கத் தெரிந்து வைத்திருந்தது. ஆய்வகமும் அளந்து சொல்லிவிடும். ஏன் குறைந்தது என்பதற்கு முள்ளக்காட்டுப் பக்கம் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. வரப்பில் அவள் கொண்டுவந்த தண்ணிக் கேன் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மணி பதினொன்று. குடிக்கலையா என்றேன்.

'குடிச்சா எங்கன போவ?' என்றாள்.